தாரோகா: சிறைக் காவலரின் பெயரும் சாவியும்

வட இந்தியாவில் இன்று 'தாரோகா' என்றால் காவல் நிலையத்தின் சார்பு ஆய்வாளர் நினைவுக்கு வருவார். பிரேம்சந்தின் புகழ்பெற்ற சிறுகதையொன்றின் தலைப்பிலும் ஒரு தாரோகா உண்டு. அவர் காவல் துறையைச் சேர்ந்தவர் அல்லர். உப்புத் துறை அதிகாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்துச் சிறை ஆவணங்களைப் புரட்டினால் மூன்றாவது ஒரு தாரோகா எதிர்ப்படுகிறார். அவர் சிறையின் பொறுப்பாளர். ஒரே சொல் எப்படி உப்பையும் திருடனையும் கைதியையும் காத்தது? சிறைக்கு வெளியே பிறந்த இச்சொல் சிறைக்குள் வந்து, சில தலைமுறைகள் ஆண்டு, பின்னர் வெளியேற்றப்பட்டது ஏன்? இவ்விரு கேள்விகளைத் தொடர்ந்து சென்றால் இந்தியச் சிறையின் உண்மையான காவலர் யார் என்ற மூன்றாவது கேள்வியில் போய் நிற்க நேரும். அதற்கான விடை இன்னமும் முற்றுப்பெறவில்லை.

சொல்லின் பிறப்பு மங்கோலியப் புல்வெளியில் நிகழ்ந்தது. மங்கோலிய மொழியில் 'தரு' என்னும் வினையடிக்கு 'அழுத்து' என்பது பொருள். முத்திரையை அழுத்துவதையும் அது குறிக்கும். அதிலிருந்து 'தருகா', 'தருகாச்சி' ஆகிய பதவிப் பெயர்கள் தோன்றின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் செங்கிஸ் கானும் அவர் வழியினரும் வென்ற நாடுகளில் வரியையும் ஆள் கணக்கையும் மேற்பார்வையிட அமர்த்தப்பட்ட அதிகாரியே தருகாச்சி. சீனத்தின் யுவான் ஆட்சியில் வட்டாரந்தோறும் இப்பதவி இருந்தது. சீனர்கள் இதை மொழிபெயர்க்காமல் தம் எழுத்துகளில் ஒலிபெயர்த்தே எழுதினர். துருக்கிய மொழிகளில் இதே பதவிக்கு 'பஸ்காக்' என்று பெயர். அதன் வேரான 'பஸ்' என்பதற்கும் 'அழுத்து' என்பதே பொருள். உருசியக் காலக்குறிப்புகளில் வரும் 'பஸ்காக்' இதுவே. ஆக, இரு மொழிக் குடும்பங்கள் ஒரே அதிகாரிக்கு ஒரே படிமத்தில் பெயர் வைத்துள்ளன. முத்திரையை அழுத்துபவன், மக்களை அழுத்துபவன் என்னும் இரு பொருளையும் அந்தப் பெயர்கள் தாங்க வல்லவை.

மங்கோலியர் ஆண்ட ஈரானில் இச்சொல் பாரசீகத்துக்குள் புகுந்து 'தாரூகா' ஆயிற்று. சஃபவிக் காலத்தில் அது நகரக் காவல் தலைவரைக் குறித்தது. முகலாயர் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது பொருள் மேலும் விரிந்தது. ஒரு துறையின் அல்லது ஒரு தொழிற்கூடத்தின் தலைமைப் பொறுப்பாளர் எவரும் தாரோகாவே. பீரங்கிப் படைக்கும் அஞ்சல் சௌக்கிக்கும் தாரோகாக்கள் இருந்தனர். அபுல் ஃபஸல் 'ஆயின்-இ-அக்பரி'யில் நாணயச்சாலைப் பணியாளர்களை வரிசைப்படுத்தும்போது தாரோகாவையே முதலில் வைக்கிறார். எதன் தாரோகா என்பதை அடுத்து வரும் சொல்லே தீர்மானித்தது. தமிழில் 'கண்காணிப்பாளர்' என்ற சொல் இன்று மருத்துவமனைக்கும் விடுதிக்கும் தேர்வு அறைக்கும் பொதுவாக நிற்பதைப் போன்ற நிலை அது.

முகலாய ஆட்சியின் தாரோகாக்களுள் சிறையின் தாரோகாவுக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. காரணம் எளிது. அன்று சிறை என்பது தனித் துறையன்று. தண்டனையின் முதன்மையான வடிவமும் அன்று. நகரத்தில் பிடிபட்டவன் கோத்வாலின் சாவடியில் விசாரணைக்காக வைக்கப்பட்டான். அரசுக்கு ஆபத்தானவர்கள் கோட்டைகளில் அடைக்கப்பட்டனர். ஔரங்கசீபின் தம்பி முராத் பக்ஷ் குவாலியர் கோட்டையில் வைக்கப்பட்டு 1661-இல் கொல்லப்பட்டது அறிந்ததே. கோத்வால் என்ற பெயர் 'கோட்டபால', அதாவது கோட்டை காப்பவன் என்னும் வடசொல்லின் திரிபு. கில்லேதார் என்றாலும் கோட்டைக்கு உரியவனே. கைதியைக் காத்தவனின் பெயர் கைதியிடமிருந்து வரவில்லை, சுவரிடமிருந்து வந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று மிகப் பழைய நூலொன்றில் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 'பந்தனாகாராத்யக்ஷ' என்ற பதவியைக் குறிப்பிடுகிறது. பந்தன ஆகாரம் என்பது கட்டுண்டோர் இல்லம். அத்யக்ஷன் அதன் மேற்பார்வையாளன். இது சிறைக்கென்றே அமைந்த பெயர். எனினும் அது வரும் இடம் கவனத்துக்குரியது. அரசு அலுவலர்களின் குற்றங்களுக்குத் தண்டம் விதிக்கும் பகுதியில், 'முள் களைதல்' என்று பெயரிடப்பட்ட நான்காம் அதிகரணத்தில், அச்சொல் வருகிறது. காரணம் அறிவிக்காமல் கைதியை வெளியே நடமாட விட்டால் 24 பணம். வேலை வாங்கினால் அதன் இரு மடங்கு. இடம் மாற்றினாலோ, உணவையும் நீரையும் தடுத்தாலோ 96 பணம். துன்புறுத்தினாலோ கைக்கூலி வாங்கினாலோ நடுத்தரத் தண்டம். கொன்றால் 1000 பணம். நூலாசிரியரின் பார்வையில் சிறைத் தலைவன் காவலன் மட்டும் அல்லன். களையப்பட வேண்டிய முள்ளாகவும் மாறக்கூடியவன். இவ்விதிகள் நடைமுறையில் இருந்தனவா என்பது வேறு கேள்வி. சிறைக் காவலனைப் பற்றிய பழைய எழுத்து அவன் செய்யக்கூடிய தவறுகளின் பட்டியலாக அமைந்திருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

கம்பெனி ஆட்சியில் தாரோகா மீண்டும் மாறினார். காரன்வாலிஸ் காலத்தில், 1793-ஆம் ஆண்டின் 22-ஆம் ஒழுங்குவிதி, வங்காள மாகாணத்தில் ஜமீன்தார்களிடமிருந்து காவல் பொறுப்பைப் பறித்துத் தாரோகாக்களிடம் ஒப்படைத்தது. சுமார் 400 சதுர மைல் பரப்புக்கு ஒரு தாணா; அதற்கு ஒரு தாரோகா. மீட்கப்பட்ட திருட்டுப் பொருளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு அவருக்குச் சேரும். கொள்ளையன் ஒருவன் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டால் 10 ரூபாய் பரிசு. மெலிந்த ஊதியமும் பரந்த அதிகாரமும் ஒன்றுசேர்ந்தால் என்ன விளையுமோ அது விளைந்தது. கிராமத்தில் கொள்ளை நடந்த செய்தியைவிடத் தாரோகா வருகிறார் என்ற செய்திக்கே மக்கள் அதிகம் அஞ்சினர் என்பது அக்கால வங்காளத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் சொல்வது. பழைய வேரின் 'அழுத்து' என்னும் பொருளை எவரும் அறியாத நிலத்தில் அப்பொருள் மீண்டும் உயிர்பெற்றது.

மாவட்டச் சிறைகள் மாஜிஸ்திரேட்டின் பொறுப்பில் இருந்தன. வரி, வழக்கு, காவல் என அலைந்த அவர் சிறைக்கு எப்போதாவது வருவார். அன்றாடம் சிறையை நடத்தியவர் சிறைத் தாரோகா. உணவுப் படி, விலங்கு, வேலைப் பங்கீடு, யார் எங்கே உறங்குவது என்பன யாவும் அவர் கையில். மெக்காலேயின் தூண்டுதலால் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838-இல் அறிக்கை அளித்தபோது கீழ்நிலைச் சிறை அலுவலர்களின் ஊழலைக் கடுமையாகச் சாடியது. மத்தியச் சிறைகளும் தனி மேற்பார்வை அமைப்பும் வேண்டும் என்றது. அதன்பின் மாகாணந்தோறும் சிறை ஆய்வாளர் பதவிகள் உருவாயின. பெரிய சிறைகளின் தலைமையில் கண்காணிப்பாளர்கள் அமர்ந்தனர். அவருக்கு அடுத்த இடத்தில் 'ஜெயிலர்' வந்தார். 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டம் தாணாவிலும் பதவிப் பெயர்களை மாற்றியது. சட்டத்திலிருந்து மறைந்த தாரோகா மக்கள் நாவில் தங்கிவிட்டார். அதனால்தான் இந்தியிலும் வங்காளியிலும் சார்பு ஆய்வாளர் இன்னமும் தாரோகாவாகவே வலம் வருகிறார்.

தமிழர்க்கு இச்சொல் அந்நியமாக ஒலிப்பதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்திலும் தாரோகா முறை சில ஆண்டுகள் இருந்தது. தாமஸ் மன்றோவின் சீர்திருத்தங்களின்போது, 1816-இல், அது கைவிடப்பட்டு, காவல் பொறுப்பு கிராமத் தலைவருக்கும் தாசில்தாருக்கும் சென்றது. ஒரு தலைமுறைகூட நிலைக்காத பதவியின் பெயர் மொழியில் வேரூன்றவில்லை. தமிழ் நேரே 'ஜெயிலர்', 'வார்டர்' என்னும் ஆங்கிலச் சொற்களை ஏற்றுக்கொண்டது.

'ஜெயிலர்' என்ற சொல்லும் சிறைக்குள் பிறந்ததன்று. இலத்தீனில் 'கவேயா' என்றால் கூண்டு. அதன் குறுமை வடிவம் 'கவேயோலா', சிறு கூண்டு. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே ஜெயிலர் என்பவர் வேர்ப்பொருளில் கூண்டுக்காரர். 'வார்டர்' ஜெர்மானிய மொழிகளின் 'காத்து நோக்கு' என்னும் வேரிலிருந்து வந்தது. அதே வேர் பிரெஞ்சுக்குச் சென்று திரும்பியபோது 'கார்டு' ஆயிற்று. 'சூப்பரின்டென்டென்ட்' மேலிருந்து கருத்துச் செலுத்துபவர். 'அத்யக்ஷ' என்பதிலும் அக்ஷ, அதாவது கண், இருப்பதாகக் கொள்வர். இவற்றை ஒரு படிக்கட்டாக அடுக்கினால், மேலே இருப்பவர் பார்க்கிறார். நடுவில் இருப்பவர் பூட்டுகிறார். கீழே இருப்பவர் விழித்து நிற்கிறார். பதவி உயர உயரக் கைதியின் உடலிலிருந்து தொலைவு கூடுகிறது.

1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் இப்படிக்கட்டைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு சிறைக்கும் கண்காணிப்பாளர், மருத்துவ அலுவலர், ஜெயிலர் ஆகியோர் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. மருத்துவ அலுவலரே கண்காணிப்பாளராகவும் இருக்கலாம். ஜெயிலரின் பொறுப்புகளைப் படிக்கும்போது ஒரு விந்தை புலப்படும். அவர் சிறையிலேயே குடியிருக்க வேண்டும். வேறிடத்தில் வசிக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஓர் இரவும் சிறையை விட்டு அகலக் கூடாது. வேறு வேலை பார்க்கக் கூடாது. சிறை அலுவலர் எவரும் கைதியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறைக்கான ஒப்பந்தங்களில் பங்கு பெறக் கூடாது. அர்த்தசாஸ்திரத்தில் தண்டங்களின் பட்டியலாக இருந்தது இங்கே தடைகளின் பட்டியலாயிற்று. காப்பவனைக் கட்டாமல் கைதியைக் காக்க முடியாது என்ற ஐயம் இரண்டுக்கும் பொது.

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு வேறொரு காவலரை அறிமுகம் செய்கிறது. சிறை அலுவலராக நியமிக்கப்படும் கைதி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியராகக் கருதப்படுவார் என்பது அப்பிரிவு. கைதியே காவலர் ஆகலாம். இரவுக் காவலாளி, மேற்பார்வையாளர், வார்டர் எனக் கைதி அலுவலர்களுக்குப் படிநிலைகள் இருந்தன. ஊதியம் பெறும் காவலர் குறைவு, கைதிகளோ மிகுதி. குறைந்த செலவில் நிறைந்த சிறைகளை நடத்தக் காலனிய அரசு கண்ட வழி இது. தாரோகாவை ஊழல்காரர் என்று நீக்கிய நிர்வாகம், அவருடைய அன்றாட அதிகாரத்தின் பெரும்பகுதியை ஊதியமற்ற கைதியின் தோளில் ஏற்றிவைத்தது.

சட்டத்தில் ஆங்கிலப் பெயர் பெற்ற இவர்களுக்குச் சிறைக்குள் வேறு பெயர்கள் வழங்கின. வட இந்தியச் சிறைகளில் கைதி மேற்பார்வையாளர் 'நம்பர்தார்'. இது ஆங்கில 'நம்பரும்' பாரசீக 'தாரும்' இணைந்த கலப்புச் சொல். கிராமத்தில் அரசுக்கு நிலவரி செலுத்தும் பொறுப்பை ஏற்றவர் லம்பர்தார். அவர் பெயரே மதிலுக்குள் நுழைந்தது. வெளியே வரி கொடுக்க வைத்தவரின் பெயர், உள்ளே வேலை செய்ய வைப்பவருக்குப் பொருந்திற்று. வங்காளச் சிறைகளில் அவர் 'மேட்'. அந்தமானில் 'பெட்டி ஆபீசர்', 'டின்டல்', 'ஜமேதார்' என்று வரிசை அமைந்தது. முதலாவது கப்பற்படைச் சொல். கடைசியது படைப்பிரிவின் சொல்.

நடுவில் நிற்கும் 'டின்டல்' தென்னாட்டுக் கடற்கரையிலிருந்து புறப்பட்டது. மலையாளத்திலும் தமிழிலும் 'தண்டல்' என்பது கலத்தின் தலைவனைக் குறிக்கும். தூத்துக்குடித் தோணிகளில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது. துடுப்பைக் குறிக்கும் 'தண்டு' என்பதோடு இதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. தண்டு வலித்தல் என்றால் துடுப்பிடுதல். லஸ்கர் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர் கூட்டத்தின் தலைவனைக் குறித்த இச்சொல்லை ஆங்கிலேயர் ஏற்று, கூட்டமாக வேலை வாங்கப்படும் இடங்களுக்கெல்லாம் கொண்டு சென்றனர். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சாலையும் கட்டடமும் எழுப்பிய சிங்கப்பூரில், கைதிகளுள் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் டின்டல்கள். அங்கே சிறைப் பொறுப்பில் இருந்த மக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'தமக்குத் தாமே காவலரான கைதிகள்' என்னும் பொருள் தரும். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். அந்தமான் செல்லுலார் சிறையிலிருந்து மீண்ட அரசியல் கைதிகளின் நினைவுக்குறிப்புகளில் அந்தப் பெருமை இல்லை. ஜெயிலர் டேவிட் பேரியின் பெயர் அவற்றில் தவறாமல் வரும். எனினும் செக்கிழுக்கும் இடத்தில் அருகே நின்று அளவு குறைந்ததற்கு அடித்தவர்கள் பெரும்பாலும் கைதிகளிலிருந்தே எழுந்த வார்டர்களும் பெட்டி ஆபீசர்களும் ஆவர்.

கைதிகளில் யாருக்குச் சாவி கொடுப்பது என்ற கேள்வி இங்கே எழுகிறது. நன்னடத்தை, கழித்த காலம் ஆகியவை வெளிப்படையான அளவுகோல்கள். அவற்றோடு பிறப்பும் அளவுகோலாக இருந்தது. விடுதலைக்குப் பின்னும் நீடித்த மேற்கு வங்கச் சிறை விதியொன்று, தப்பியோடும் இயல்பு மிக்க வகுப்பினர், எடுத்துக்காட்டாக அலைந்து திரியும் பழங்குடியினர், கைதி இரவுக் காவலராக நியமிக்கப்படக் கூடாது என்றது. சமையலுக்கு இன்ன சாதியார், துப்புரவுக்கு இன்ன சாதியார் என்று பல மாநிலங்களின் விதிகள் வகுத்திருந்தன. 'ஜமேதார்' என்ற சொல்லின் வீழ்ச்சியும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் படைத் தலைவனைக் குறித்த அது, வட இந்தியப் பேச்சில் துப்புரவுத் தொழிலாளியை அழைக்கும் சொல்லாகவும் ஆனது. உயர்ந்த பெயரைச் சூட்டியதால் தொழிலின் இழிவு நீங்கவில்லை. பெயர்தான் இழிவுக்குள் இறங்கியது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும், மூன்று மாதங்களுக்குள் விதிகளைத் திருத்தவும் ஆணையிட்டது. 'அலைந்து திரியும்', 'வழக்கமான குற்றவாளி' போன்ற சொற்களை நீதிமன்றம் எடுத்து ஆராய்ந்தது மொழியியல் மாணவர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. விதிநூலில் ஓர் அடைமொழி, நூறாண்டுக்கும் மேலாக, ஒருவன் காவலராகவும் மற்றொருவன் என்றும் காக்கப்படுபவனாகவும் இருக்கும்படி செய்திருக்கிறது.

இன்று பதவிப் பெயர்கள் மீண்டும் மாறிவருகின்றன. உத்தரப் பிரதேசத்தில் ஜெயிலர் 'காராபால்', வார்டர் 'பந்தி ரக்ஷக்'. தமிழ்நாட்டில் ஜெயிலர் 'சிறை அலுவலர்'. மேற்கு வங்கம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சிறையைச் சீர்திருத்த இல்லம் என்றது. 2023-இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டத்தின் பெயரிலும் சீர்திருத்தப் பணி இடம்பெற்றுள்ளது. இவற்றுள் 'பந்தி ரக்ஷக்' ஆழமான சொல். ரக்ஷித்தல் என்பது தப்பிவிடாமல் காத்தலும் ஆகும், தீங்கு நேராமல் காத்தலும் ஆகும். 'சிறைக் காவலர்' என்ற தமிழ்த் தொடரிலும் இதே இருமை உண்டு. சிறையைக் காப்பவரா, சிறைப்பட்டவரைக் காப்பவரா? இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது.

திகார் சிறையில் சக கைதி ஒருவர் வார்டரால் கொடுமைப்படுத்தப்பட்டதைச் சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக நீதிபதிக்கு எழுத, அதையே மனுவாக ஏற்று 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு அந்த இரண்டாம் பொருளைச் சட்டத்தின் பொருளாக நிலைநாட்ட முயன்றது. மதிலுக்குள் சென்றவுடன் ஒருவனின் அடிப்படை உரிமைகள் அற்றுப்போவதில்லை. அவற்றைக் காப்பதும் காவலின் பகுதியே என்பது அதன் சாரம்.

தாரோகா என்ற சொல்லின் எழுநூறு ஆண்டுப் பயணம் இந்த இருமையின் முதற்பொருளையே பெரிதும் சுமந்து வந்தது. முத்திரை அழுத்தியவன், நகரைக் காத்தவன், நாணயச்சாலையை நடத்தியவன், திருடனைப் பிடித்தவன், கைதியைப் பூட்டியவன் என அவன் மாறினாலும், யார் பொருட்டுக் காத்தான் என்ற கேள்விக்கு விடை மாறவில்லை. அரசின் பொருட்டே காத்தான். கூண்டுக்காரரும் கப்பல் தண்டலும் நம்பர்தாரும் வந்தபோதும் அப்படியே. பெயர் மாற்றங்களை மதிப்பிடுவதற்கு ஆய்வாளர்க்கு இதுவே உரைகல். பலகையில் எழுதப்பட்டிருக்கும் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், இரவில் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது, அதை அவருக்குக் கொடுத்தது எந்த விதி, அவர் தவறினால் கைதி யாரிடம் சொல்ல முடியும் என்று கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே 'காவல்' என்பதன் இரு பொருள்களில் எது மெய்யென்பது தெளிவாகும்.